எழுந்து நின்றால் போதும்

அத்தியாயம் 17

சனிக்கிழமை சாயங்காலம் மாடிக்கோயில் தனிஸ்லாஸ் சாமி போனில் சொன்ன இரண்டு வாக்கியம் மெரினின் தூக்கத்தைக் கெடுத்ததோடு நிற்காமல் ஞாயிறு காலைக் காப்பியையும் கெடுத்துவிட்டது. பால் பொங்கி அடுப்பு அணைந்தது கூடத் தெரியாமல் எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

"நாளைக்கு ஜோசப் ஆனந்த் வர்றாரும்மா. கொழந்தைக்கு ஞானஸ்நானம் கேக்குறாரு."

சாமி சொன்னது இவ்வளவுதான். உனக்கு இதில் சம்மதமா, நீ என்ன நினைக்கிறாய், ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? கேட்கவில்லை. வழக்கமான 'சமாதானம்' வாழ்த்தோடு போனை வைத்துவிட்டார்.

ஜோசப் ஆனந்த் யார் என்று முதல் வாரத்திலிருந்து கூடவே வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்றைக்குத்தான் உள்ளே நுழைகிறவர்களுக்காகச் சொல்கிறேன். அவன் மெரினின் முன்னாள் கணவன். பங்குக் கோயிலில் ஊரைக் கூட்டித் தாலி கட்டியவன், கட்டிய மூன்றாம் வருடமே குடியால் வீட்டை நாறடித்தவன். அரசாங்கக் கோர்ட்டு விவாகரத்து கொடுத்துவிட்டது. கோயிலில் அப்படி ஒன்று கிடையாது. அந்தக் கல்யாணமே செல்லாது என்று திருச்சபையின் திருமண நீதிமன்றம் சொன்னால்தான் உண்டு. மெரின் மனுப் போட்டு ஐந்து வருடம் ஆகிறது. அவன் பக்கத்துப் பதில் கேட்டு மூன்று முறை கடிதம் போயிற்று. மூன்றையும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டான். ஒன்றுக்கும் பதில் எழுதவில்லை.

காத்துக் காத்துப் பார்த்துவிட்டு மூன்று வருடத்துக்கு முன் மெரின் இந்துவான வெற்றிவேலை ரெஜிஸ்டர் ஆபீஸில் மணந்தாள். அடுத்த ஞாயிறே பங்குச் சாமி தனியாகக் கூப்பிட்டு, பூசைக்கு வரலாம், நற்கருணை அப்பம் மட்டும் வாங்க வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னார். அவர் மெதுவாகத்தான் சொன்னார். கேட்டவளுக்குத்தான் அது மெதுவாக இல்லை.

"எத்தினி மணிக்குக் கெளம்புற?" என்று கேட்டுக்கொண்டே அம்மா அந்தோணிமேரி உள்ளே வந்தாள். பங்குக் கோயிலில் முதல் பூசை பார்த்துவிட்டு வந்த முக்காடு இன்னும் தலையில் இருந்தது.

"எப்பவும் கெளம்புற நேரத்துக்குத்தான்."

"இன்னிக்கும் போவணுமா?"

"ஏன் போவக்கூடாது?"

"அவன் வரானாமே. நீ போன்ல பேசுனத கேட்டுக்கினுதான் இருந்தேன்." அந்தோணிமேரி முக்காட்டை எடுத்து மடித்தாள். "எல்லாரையும் சேத்துக்குவோம்னு உங்க மாடிக்கோயில்ல எழுதி ஒட்டியிருக்கீங்க இல்ல. எல்லாரும்னா அவனுந்தான். அனுபவி."

மெரின் பால் பாத்திரத்தை ஓசை எழ இறக்கி வைத்தாள்.

"அது ஒரு கோயிலு. கீழ கம்ப்யூட்டர் சென்டரு, மேல பூசை."

"ஆண்டவரோட கடைசி ராத்திரி விருந்தே மாடியிலதாம்மா நடந்துச்சு."

"வாயி மட்டும் கொறச்சலில்ல." அந்தோணிமேரி ஜெபமாலையை ஆணியில் மாட்டினாள். குரல் தணிந்தது. "அடுத்த மாசம் அங்க உங்க கல்யாணத்துக்கு மந்திரிச்சு ஆசீர்வாதம் பண்றாங்களே, அதுக்கு நான் வரமாட்டேன். இப்பவே சொல்லிட்டேன். பங்குக் கோயில்ல, பீடத்துக்கு முன்னாடி, உன் கழுத்துல தாலி ஏறட்டும். மொத ஆளா வந்து நிக்கிறேன்."

மாதத்துக்கு நான்கு முறையாவது நடக்கும் பேச்சு இது. மெரின் அடுப்பைத் துடைத்தாள். காப்பி குடிக்காமலே கிளம்பினாள். வானம் மூடியிருந்ததால் குடையை எடுத்துக்கொண்டாள். பின்னால் இந்தக் குடைக்கு வேலை இருக்கிறது.

புதுச்சேரி உப்பளத்திலிருந்து நெல்லித்தோப்பு வரைக்கும் பைக்கில் வெற்றிவேல் ஒன்றும் பேசவில்லை. அவன் பேசாமல் இருப்பது மெரினுக்குப் பிடித்த குணம். இன்றைக்கு அதுவும் பிடிக்கவில்லை.

வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டான். "நான் வேணா கீழயே நிக்கட்டுமா? அவனைப் பாத்தா எனக்கு என்ன வரும்னு எனக்கே தெரியாது."

"நீங்க ஏன் கீழ நிக்கணும்? இது நம்ம எடம். நாமதான் மொதல்ல வந்தோம்."

சொல்லி முடித்ததும் அவளுக்கே அது பஸ்ஸில் துண்டு போட்டவள் பேசுகிற பேச்சாகக் கேட்டது. விடுவிடுவென்று படியேறினாள்.

ஊருக்கு அது மாடிக்கோயில். அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் கானாவூர் கத்தோலிக்கச் சமூகம். கல்யாணம் செய்துகொண்டதற்காகப் பீடத்தை விட்டு இறக்கப்பட்ட தனிஸ்லாஸ் சாமியும் அவர் மனைவி கமலாவும் ஆரம்பித்தது. முப்பது குடும்பம் தேறும். அதே பூசை, அதே விசுவாசப் பிரமாணம், அதே மாதா. ரோமாபுரியின் ஆளுகையில் மட்டும் இல்லை.

கதவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த தாளை மெரினே தான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேப் கம்ப்யூட்டரில் டைப் அடித்திருந்தாள். பாப்பரசரை மதிக்கிறோம், ஆனால் அவருக்குக் கீழே இல்லை. குருவானவர் மணம் முடிக்கலாம், பெண்ணும் பீடத்தில் நின்று சுவிசேஷம் வாசிக்கலாம். மணமுறிவு ஆனவருக்கும் மறுமணம் செய்தவருக்கும் நற்கருணை உண்டு. இந்துவைக் கட்டியவர் தன் துணையோடு வந்து உட்காரலாம், அவர் மதம் மாற வேண்டியதில்லை. சாதி கேட்கமாட்டோம், சர்டிபிகேட்டும் கேட்கமாட்டோம்.

புதிதாக வருகிறவர்களைச் சேர்த்துக்கொள்வது பற்றிய கடைசி வரிதான் அவளுக்கு உயிர். புதிதாக ஒருவர் வந்தால் சாமி சபையைப் பார்த்து, "இவங்களுக்கு யாரு பக்கத்துல எடம் தர்றீங்க?" என்று கேட்பார். யாராவது ஒருவர் எழுந்து நின்றால் போதும், பேசத் தேவையில்லை. சாமி "மெர்சி" என்பார். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் வாயில் மிச்சம் இருந்த ஒரே பிரெஞ்சு வார்த்தை அது; நன்றி என்று அர்த்தம். அதோடு வந்தவர் சபைக்காரர். எழுந்து நின்றவர் பக்கத்திலேயே மூன்று மாதம் உட்கார வேண்டும், ஞானஸ்நானமோ கல்யாணமோ எதுவானாலும் அவர்தான் சாட்சிக் கையெழுத்து.

பேசத் தேவையில்லை என்ற வரி சின்னப்பாப்பாவால் வந்தது. ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவள். தொண்டையில் ஆபரேஷன் ஆகிக் குரல் போய்விட்டது. இரண்டு வருடத்துக்கு முன் இதே ஹாலில் மெரினும் வெற்றிவேலும் எல்லார் முன்னாலும் நின்றபோது, சாமி கேட்டு முடிப்பதற்குள் எழுந்து நின்றவள் அவள்தான். அன்றைக்குப் பூசை முழுக்க மெரின் அழுதாள்.

இன்றும் மெரினுக்கு அவள் பக்கத்து இடம்தான். சுவர் ஓரம் வெற்றிவேல், அடுத்து மெரின், அந்தப் பக்கம் சின்னப்பாப்பா, அப்புறம் ஒரு காலி நாற்காலி, அதற்கப்புறம் நடைபாதை.

ஜோசப் ஆனந்த் வாசலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். இளைத்திருந்தான். காதோரம் நரை. பக்கத்தில் சிவசங்கரி என்ற பெண், இருபத்தைந்து வயது இருக்கலாம், தோளில் நான்கு மாதக் குழந்தை. பொட்டு வைத்துக்கொண்டு வரலாமா கூடாதா என்று பயந்து பாதி அழித்த மாதிரி நெற்றி லேசாகச் சிவந்திருந்தது. அவளைப் பார்த்ததும் மெரினுக்குக் கோபம் இன்னும் ஏறியது. கோபப்பட வசதியான ஒரு பெண்ணாக அவள் இருந்திருக்கலாம்.

வருகைப் பாடல் முடிந்தது. தனிஸ்லாஸ் சாமி மூன்று பேரையும் முன்னால் கூப்பிட்டார்.

"ஜோசப் ஆனந்த், சிவசங்கரி. ரெஜிஸ்டர் கல்யாணம். கொழந்தைக்கு ஞானஸ்நானம் வேணும்னு வந்திருக்காங்க. இவங்களுக்கு யாரு பக்கத்துல எடம் தர்றீங்க?"

யாரும் எழவில்லை.

மின்விசிறிச் சத்தம் கேட்டது. கீழே எவனோ பைக்கை உதைத்துக்கொண்டிருந்தான், கிளம்பவில்லை. சின்னப்பாப்பா மடியில் கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அவளே எழவில்லை.

அப்போதுதான் மெரின் கவனித்தாள். எல்லாரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேராகப் பார்க்காமல், பாட்டுப் புத்தகத்துக்கு மேலாக, கன்னத்தைச் சொறிகிற சாக்கில்.

இரண்டாவது வரிசையில் நாராயணசாமி தொண்டையைச் செருமினார். ரிட்டயர் ஆன போஸ்ட்மாஸ்டர், நெற்றியில் திருநீறோடே இங்கே உட்கார்ந்து பூசை பார்க்கிறவர். நல்ல மனுஷர். நல்ல மனுஷர்கள்தான் சமயத்தில் வாயைத் திறந்து கெடுப்பார்கள்.

"சாமி, எங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல. ஆனா நம்ம மெரின் மனசு நோகக்கூடாது பாருங்க. அது ஒரு வார்த்தை சரின்னு சொல்லட்டும். நாங்க எல்லாம் எழுந்து நிக்கிறோம்."

நான்கைந்து தலை ஆடியது. மெரினுக்காகத்தான் ஆடியது. இவர்கள் பாசத்தில் கொள்ளி வைக்க என்று அவள் மனசுக்குள் சொன்னாள்.

ஐந்து வருடம் அவன் கையெழுத்துக்கு அவள் காத்திருந்தாள். இப்போது அவள் சரி சொல்வதற்கு அவன் காத்திருக்க வேண்டுமாம். அங்கே அவனிடம் கொடுத்த சாவியை இங்கே இவளிடம் கொடுக்கிறார்கள். அப்புறம் எதற்கு இந்த மாடி, எதற்கு அந்தத் தாள்? சரி என்றால் மெரின் பெரிய மனசுக்காரி. இல்லை என்றால் மெரின் கல்நெஞ்சுக்காரி. சும்மா ஒரு ஓரமாக உட்கார்ந்து அவனை வெறுக்கக் கூட இந்தக் கோயிலில் இடமில்லை.

போதும் என்று தோன்றியது. வீட்டுக்குப் போக வேண்டும். கைப்பையைத் தோளில் மாட்டினாள், குடையை எடுத்தாள், எழுந்தாள்.

ஹால் முழுக்க ஒரு பெருமூச்சு கிளம்பியது.

அவளுக்கு உறைக்க இரண்டு விநாடி ஆனது. எழுந்து நின்றால் போதும், பேசத் தேவையில்லை. அவளே டைப் அடித்தது. ஒற்றுப்பிழை கூட இல்லாமல் இரண்டு தரம் சரிபார்த்து அடித்தது.

இடம் கொடுக்க எழுகிறவள் கையில் குடையோடா எழுவாள் என்று யாருக்கும் தோன்றவில்லை. சின்னப்பாப்பா முகம் முழுக்கச் சிரிப்பாக எழுந்து, மெரினின் கன்னத்தை ஒருமுறை தடவிவிட்டு, தன் பையை எடுத்துக்கொண்டு பின் வரிசைக்குப் போய்விட்டாள். இரண்டு நாற்காலி காலி.

சாமிக்கு மட்டும் குடை தெரிந்தது. அவர் "மெர்சி" சொல்லவில்லை.

"மெரின்?" என்றார்.

அவர் கொடுத்த அவகாசம் அது. 'இல்ல சாமி, நான் கெளம்புறேன்' என்று சொல்லிவிடலாம். வாய் வரைக்கும் வந்தது. அங்கே சிவசங்கரி குழந்தையின் பால் புட்டிப் பையை அவசரமாகத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு அடி எடுத்து வைத்துவிட்டாள். வைத்த காலைத் திரும்ப எடுக்கலாமா என்று தெரியாமல் நின்றாள்.

அந்தக் கால் மெரினுக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் அது அவளுடைய கால்.

மெரின் குடையை நாற்காலிக்கு அடியில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

"மெர்சி," என்றார் சாமி.

அவள் மன்னிக்கவில்லை. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். காது மடல் இரண்டும் எரிந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கம் வெற்றிவேல், அந்தப் பக்கம் ஜோசப் ஆனந்த், நடுவில் அவள். புதுச்சேரியில் இப்படி ஒரு நிலைமை எந்தப் பெண்ணுக்காவது வந்திருக்குமா என்று ஆத்திரமாக இருந்தது. இப்படி மூன்று மாதம். பன்னிரண்டு ஞாயிறு. தன் கல்யாண மந்திரிப்பு நடக்கிற ஞாயிறும் அதற்குள் வருகிறது என்று கணக்குப் போட்டபோது அழுகையே வந்தது.

"மெரின்..." என்றான் ஜோசப் ஆனந்த், வாசகம் நடந்துகொண்டிருக்கும்போது.

"பூசை நடக்குது."

"மூணு மாசம் பக்கத்துல உக்காரணுமாமே. உனக்குக் கஷ்டமா இருந்தா..."

"சட்டம் எனக்குத் தெரியும். நீங்க பேசாம இருங்க."

லேபுக்கு ரத்தம் கொடுக்க வருகிறவர்களிடம் கையை நீட்டுங்க, விரலை மடக்குங்க என்பாளே, அந்த 'நீங்க'.

கமலா சுவிசேஷம் வாசித்தாள். சாமியின் பிரசங்கத்தில் ஒரு வரியும் மெரினின் காதில் ஏறவில்லை. காணிக்கைப் பாடலின்போது ஒரு நீளமான கவர் அவள் மடிக்கு நகர்ந்து வந்தது. மேலே திருமண நீதிமன்றத்தின் முகவரி. கவர் ஒட்டப்படவில்லை. உள்ளே அவன் கையெழுத்து எட்டிப் பார்த்தது.

"நேத்துதான் எழுதுனேன். அனுப்புறதா வேணாமான்னு நீயே பாத்துக்க."

"அஞ்சு வருஷம்," என்றாள் மெரின். குரலை அடக்க முடியவில்லை. முன் வரிசையில் ஒரு தலை திரும்பியது. "அஞ்சு வருஷமா என்ன பண்ணிக்கினு இருந்தீங்க?"

அவன் பீடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "மனுவுல நீ எழுதியிருந்தது பூரா உண்மை. ஒவ்வொரு வாட்டியும் படிச்சேன். அதுக்கு என்னான்னு பதில் எழுதுறது?"

அவன் பொய் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு நேர்மையான வார்த்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? திட்டக் கூட முடியவில்லை. ஒருவரையொருவர் கும்பிட்டுச் சமாதானம் பகிரும் நேரத்தில் அவன் தலைக்கு மேலே இருந்த டியூப் லைட்டைப் பார்த்துக் கை கூப்பினாள்.

நற்கருணைக்கு எல்லாரும் எழுந்தார்கள்.

மெரினும் எழுந்தாள். வரிசையை விட்டு வெளியே போக வேண்டுமென்றால் ஜோசப் ஆனந்தைத் தாண்ட வேண்டும். அவன் எழவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, அவளுக்கு வழி விட, இரண்டு முழங்காலையும் சேர்த்து ஒரு பக்கமாக ஒருக்களித்துக்கொண்டான். அவனைப் பார்த்து சிவசங்கரியும் குழந்தையை அணைத்தபடி முழங்காலை ஒதுக்கினாள்.

மெரின் தாண்ட எடுத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

பங்குக் கோயிலில் ஒரு வருடம் அவள் உட்கார்ந்திருந்தது இப்படித்தான். பெஞ்சில் இருக்கும் எல்லாரும் எழுந்து போவார்கள், அவள் ஒருத்தி மட்டும் முழங்காலை ஒருக்களித்துக்கொள்வாள். புடவைகள் உரசிக்கொண்டு போகும். திரும்பி வரும்போதும் உரசும். பெற்ற தாயே தாண்டிக்கொண்டு போயிருக்கிறாள். அந்தக் கோணம், அந்தக் குனிந்த தலை, எதுவும் யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. இவனும் எங்கோ ஒரு பெஞ்சில் வாரா வாரம் இப்படி உட்கார்ந்து பழகியிருக்கிறான். ஊரில் யாருக்கு இது வந்தாலும் பரவாயில்லை, இவனுக்கு வந்ததை இவள் பார்த்துவிட்டாளே, அதுதான் தாங்கவில்லை.

"எந்திரிங்க," என்றாள்.

அவன் நிமிர்ந்தான்.

"இங்க யாரும் யாரையும் தாண்டிக்கினு போறதில்ல. எந்திரிங்க. போங்க முன்னாடி."

"நான் இன்னும் பாவசங்கீர்த்தனம் கூட..."

"அதெல்லாம் அப்புறம் சாமிகிட்ட பேசிக்கங்க. எனக்கு வழி விடுங்க. கால் வலிக்குது."

கால் வலிக்கவில்லை. ஆனால் அதைவிட நயமாகச் சொல்ல அவளால் முடியவில்லை, முடியவும் வேண்டாம்.

அவன் எழுந்தான். சிவசங்கரி என்ன செய்வதென்று முழித்தாள். "நீயும் வாம்மா. வாங்கணும்னு இல்ல, கைய கட்டிக்கினு நின்னா ஆசீர் குடுப்பாங்க," என்றாள் மெரின். அவளிடம் குரல் தானாக இறங்கிவிட்டது. வெற்றிவேலும் இரண்டு வருடமாக அப்படித்தான் நிற்கிறான்.

வரிசையில் ஜோசப் ஆனந்தின் முதுகு அவளுக்கு முன்னால் போயிற்று. சட்டைக் காலர் நைந்திருந்தது. சாமி அப்பத்தை உயர்த்தி "கிறிஸ்துவின் உடல்" என்றபோது அவன் "ஆமென்" சொல்ல நேரம் எடுத்துக்கொண்டான். பின்னால் நின்றவர்கள் காத்திருந்தார்கள்.

அவள் வாங்கிக்கொண்டு திரும்பியபோது வெற்றிவேல் வரிசையில் இல்லை. இன்றைக்கு அவன் எழவே இல்லை. சுவர் ஓரத்தில் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான். அவள் நாற்காலியில் வைத்துவிட்டுப் போன கவர் அங்கே இல்லை. அவன் சட்டைப் பையில் நீளமாகத் துருத்திக்கொண்டிருந்தது.

"படிச்சீங்களா?"

"ரெண்டு தரம்." அவன் அவளைப் பார்க்கவில்லை. "இத அனுப்பினா பங்குக் கோயில்ல நாம தாலி கட்ட எத்தினி வருஷம் ஆவும்?"

"தெரியல. ரெண்டு ஆவலாம். மூணும் ஆவலாம்."

"அனுப்பலன்னா?"

"அடுத்த மாசம் இங்கயே மந்திரிப்பு. அம்மா வரமாட்டாங்க."

வெற்றிவேல் தலையை ஆட்டினான். கீழே அந்த பைக் ஒருவழியாகக் கிளம்பிப் போனது. நன்றிப் பாடலுக்கு எல்லாரும் எழுந்து நின்றார்கள், ஜோசப் ஆனந்தும் சிவசங்கரியும் கூட.

"அவனுக்கு எடம் குடுத்துட்ட," என்றான் வெற்றிவேல், உட்கார்ந்தபடியே. "என்னை இன்னும் எத்தினி வருஷம் வாசல்ல நிக்க வெக்கப்போற, மெரின்?"